அறிக்கையில் இல்லாத பெயர்

தோட்ட ஒபிஸில் வேலை செய்பவனுக்கு அறிக்கை எழுதுவது பெரிய காரியமில்லை. கொழுந்து லொறி பிரண்டாலும், மலையில் குளவி கொட்டினாலும், ஸ்டோரில் உரமூட்டை குறைந்தாலும் திகதி, நேரம், இடம், சாட்சி என்று எழுதிப் பைலில் போட்டுவிட்டால் முடிந்தது. பங்களா டின்னைப் பற்றி எழுதியது மட்டும் முடிந்தபாடில்லை. அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. தொந்தரவே அங்கேதான் இருக்கிறது.

இலங்கையில் யுத்தம் முடிந்து சில வருஷங்களாகியிருந்தன. தோட்டத்து மேனேஜரான துரையின் பங்களாவில் கூரைத் தகரம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். பென்ட்ரிக்கு மேலே சீலிங் பலகையைக் கழற்றிய தச்சுப் பாஸின் கையாள் பையன், ஃபிளனல் துணியில் சுற்றிய ஒரு டின்னை வெளியே எடுத்தான். காதருகே கொண்டுபோய் ஆட்டிப் பார்த்து, “என்னமோ கிலுகிலுங்குது, பிடிங்க” என்று கீழே போடப் பார்த்தான். கீழே நான் இன்வென்ட்ரிப் புத்தகத்தோடு நிற்கிறேன், பக்கத்தில் பங்களா அப்பு, துரை வீட்டுச் சமையலும் பரிமாறலும் பார்ப்பவர்.

“போடாதடா! ஆட்டாத! வச்சிட்டு எறங்கு!”

அப்பு அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. துரை கூப்பிட்டால்கூட அவர் குரல் பென்ட்ரிக் கதவைத் தாண்டாது. பையன் ஏணியில் விறைத்துப்போய் நின்றான். பிறகு அப்புவே ஏறி, இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். முற்றத்தில் சைப்ரஸ் மரத்தடியில், ஆள் நடமாட்டம் இல்லாத பக்கமாக வைத்துவிட்டு, “ஐயா, யாரையும் கிட்ட விடாதீங்க” என்றார்.

மூடியின் ஒரு ஓரம் துருவேறி அரித்துப்போயிருந்தது. குனிந்து பார்த்தால் உள்ளே இருப்பது தெரியும். உளுத்தம்பருப்பு அளவில் செம்புக் கிண்ணங்கள், ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டிக் கிடந்தன. சிலதில் பச்சைக் களிம்பு. அடியில் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் தூள்.

எனக்கு அது என்னவென்று உடனே புரிந்தது. ஃபெக்டரி வாச்சருடைய துவக்குக்கு வருஷா வருஷம் லைசன் புதுப்பிக்கக் கச்சேரி என்கிற மாவட்ட ஒபிஸுக்கும் பொலிஸுக்கும் அலைந்தவன் நான்தான். ஒருமுறை தோட்டா ஒன்று வெடிக்காமல் போக, வாச்சர் பதறிப்போய்த் துவக்கைத் திறக்கப் போனார். கூட நின்ற சார்ஜன்ட் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வாயை வெட்டவெளிப் பக்கம் திருப்பி அரை நிமிஷமாவது அப்படியே பிடி, சிலது பிந்தி வெடிக்கும் என்றார். பிறகு அந்தத் தோட்டாவின் அடியைக் காட்டி, ஊசி குத்துகிற அந்தச் சின்னக் கேப்புதான் ஆரம்பம், வெடிமருந்தும் ஈயக்குண்டும் அதற்குப் பிறகுதான் என்று விளக்கினார். டின்னில் கிடந்தது அந்தக் கேப்புதான். ஒன்றும் சுடப்பட்டதில்லை, எல்லாம் உயிருள்ளது.

வெள்ளைக்காரத் துரைமார் சுட்ட தோட்டாவின் கூட்டை எறியமாட்டார்களாம். பழைய கேப்பைத் தட்டி எடுத்துப் புதுசு வைத்து, மருந்தும் குண்டும் போட்டு, வாயை மடித்துத் திரும்பவும் பாவிப்பார்கள். வேட்டைப் பைத்தியம் இந்த மலையில் தேயிலைக்கும் மூத்தது. ஆயிரத்துக்கும் மேலே யானை சுட்டதாகச் சொல்லப்படும் மேஜர் ரோஜர்ஸ் 1845இல் அப்புத்தளையில் இடிவிழுந்து செத்தார், நுவரெலியாவில் கல்லறை இருக்கிறது. தோட்டா வாயை மடிக்கும் அந்தச் சின்ன மெஷின்கூட எங்கள் பங்களாவில் இருந்தது. மேசை ஓரத்தில் பூட்டி, கைப்பிடியைச் சுற்றுகிற சாமான். என் இன்வென்ட்ரியில் அது வருஷக்கணக்காக ‘இறைச்சி அரைக்கும் மெஷின், பழுது’ என்று போய்க்கொண்டிருந்தது.

துரைக்கு விஷயம் போனதும், “இத்துனூண்டு சாமான், ஃபெக்டரி அடுப்பில் போட்டுவிடலாமே” என்றார். வேண்டாம் என்றேன். தண்ணீரில் ஊறப்போடலாமா என்றார். அதுவும் வேண்டாம் என்றேன். கேப்பின் வாயை மெழுகி அடைத்திருப்பார்கள், எண்ணெயோ தண்ணீரோ பட்டதால் செத்துவிட்டது என்று நம்ப முடியாது, காய்ந்தபிறகு ஒன்றிரண்டு வேலை செய்யும். ஒரு கேப்பில் இருக்கும் மருந்து ஒரு கிராமில் நூறில் சில பங்குதான். தனியாக வெடித்தால் கண்ணில் செம்புத்துண்டு பாயும், விரல் கிழியும். குவியலாகக் கிடந்தால் கதை வேறு. ஒன்று வெடித்தால் பக்கத்திலிருப்பதைத் தட்டும், அது அடுத்ததை, எல்லாம் சேர்ந்து ஒரே வெடி. அதனால்தான் செய்கிறவர்கள் தட்டில் ஒவ்வொன்றையும் தனித்தனிக் குழியில் அடுக்கி விற்கிறார்கள், போத்தலிலோ டின்னிலோ கொட்டி வைக்காதே என்று பெட்டியிலேயே போடுகிறார்கள். தோட்டா கட்டத் தெரிந்தவர்கள் கண்ணாடி போடாமல் உட்காரமாட்டார்கள், பக்கத்தில் சிகரட் பற்றவைக்க விடமாட்டார்கள், தோட்டாக் கூட்டின் குழிக்குள் இறங்க மறுக்கிற கேப்பை அழுத்தி ஏற்றமாட்டார்கள், உயிருள்ள கேப்பைக் குத்தி வெளியே எடுக்கமாட்டார்கள். கேப்புகள் ஒன்றோடொன்று உராய்ந்தால் மருந்து தூளாக உதிரும். டின்னின் அடியில் நான் பார்த்த சாம்பல் தூள் அதுதான் என்று நினைக்கிறேன். தட்டினால் வெடிக்க வேண்டும் என்றே செய்த சாமானை ஆட்டிப் பார்ப்பது என்ன புத்தி? பையனைச் சொல்லிக் குற்றமில்லை, அவனுக்கு அது தெரியாது.

தெரிந்தவர்களும் தப்பவில்லை. லண்டனில் கேப்பும் தோட்டாவும் செய்து பெயர் வாங்கிய வில்லியம் ஈலி, 1841இல் தன் பட்டறையிலேயே இந்த வகை மருந்து வெடித்துத்தான் செத்தார்.

அப்புவுக்கு இதெல்லாம் புத்தகமாகத் தெரியாது. தெரிய வேண்டிய அளவுக்குத் தெரிந்திருந்தது. ஃபிளனலில் சுற்றியது அவர். அடுப்புள்ள குசினியை விட்டுப் பென்ட்ரிக்கு மேலே, வெயில் தகரம் சுடாத மூலையாகப் பார்த்து ஏற்றியதும் அவர். வருஷத்துக்கு ஒருமுறை பல்லி, எலி தட்டிவிட்டிருக்கிறதா என்று ஏணி வைத்துப் பார்ப்பாராம். இதையெல்லாம் பொலிஸ் வரக் காத்திருந்த நேரத்தில், முற்றத்துப் படியில் உட்கார்ந்து, என்னிடம் மட்டும் சொன்னார். எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் பென்ட்ரிப் பொடியன். கடைசி வெள்ளைக்காரத் துரை தோட்டா கட்டும்போது பக்கத்தில் நின்று சாமான் எடுத்துக் கொடுத்திருக்கிறார். 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது துரை போய்விட்டார். டின்னைப் பொலிஸில் ஒப்படைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டேயிருந்து, ஒப்படைக்காமலே போய்விட்டார்.

“நீங்களாவது குடுத்திருக்கலாமே அண்ணே” என்றேன்.

“எந்த வருஷத்துல ஐயா குடுக்கிறது? எழுபத்தேழு கலவரத்துலயா? எம்பத்திமூணு கலவரத்துலயா? லயத்துல ரெண்டு பெட்டரி செல் இருந்ததுக்கு ஒருத்தன வேன்ல ஏத்துன காலம். வெடி மருந்து ஒரு டின் இருக்குன்னு நான் போய்ச் சொல்றதா?”

பதில் சொல்ல எனக்கு ஒன்றும் வரவில்லை. கண்டால் தொடாதே, உடனே அறிவி என்பது நல்ல விதிதான், ஆனால் அறிவித்தவன் வீட்டுக்குத் திரும்பி வருவான் என்ற நம்பிக்கை அந்த விதிக்குள்ளேயே இருக்கிறது. அந்த நம்பிக்கை அவர் காலத்தில் இருந்ததா? இருந்திருந்தால் டின் அத்தனை வருஷம் அவர் தலைக்கு மேலே கிடந்திருக்காது. அதற்காக அவர் செய்தது சரி என்றும் சொல்ல மாட்டேன். அதே பென்ட்ரியில் வேறு ஆட்களும் வேலை செய்தார்கள். ஒரு மழைநாளில் பலகை இற்று விழுந்திருந்தால்?

பொலிஸ் வந்தது. டின்னைத் தொடாமல் கயிறு கட்டிக் காவல் போட்டு, குண்டு செயலிழக்கச் செய்யும் பிரிவை வரவழைத்து, நீதிமன்ற உத்தரவு வாங்கி எங்கேயோ கொண்டுபோய் வெடிக்க வைத்தார்கள். அந்தப் பக்கம் ஒழுங்காக நடந்தது. மெஷினையும் சாட்சிப் பொருளாகக் கொண்டுபோனார்கள்.

அதற்கு முன், சார்ஜன்ட் என்னிடம் தோட்டத்தின் அறிக்கையைக் கேட்டார். யார் கண்டது, எங்கே, உள்ளே இருப்பது என்னவென்று யாருக்கு முதலில் தெரியும்? கடைசிக் கேள்வியைச் சாதாரணமாகத்தான் கேட்டார். 1956ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம், 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் இரண்டும் அன்றைக்கும் இருந்தன, இரண்டாவதைப் பற்றி மலையகத்தில் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. நான் டைப்ரைட்டரில் தாளை ஏற்றி எழுதினேன். கூரை வேலையின்போது உதவியாள், அவன் பெயரையும் போட்டேன், பெட்டியைக் கண்டார். அது பாதுகாப்பாகக் கீழே இறக்கப்பட்டு முற்றத்தில் வைக்கப்பட்டது. துவக்கு லைசன் வேலைகளால் எனக்குள்ள பழக்கத்தால் உள்ளிருப்பது தோட்டாக் கேப் என அடையாளம் கண்டேன். உடனடியாகப் பொலிஸுக்கு அறிவிக்கப்பட்டது.

ஒவ்வொரு வரியும் உண்மை. இறக்கப்பட்டது, வைக்கப்பட்டது என்று எழுதினால் யார் இறக்கியது, யார் வைத்தது என்று எந்த வாசகமும் கேட்காது. சத்தம் போட்டதைப் பற்றி ஒன்றும் இல்லை.

பின்னேரம் அப்பு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, மேசையில் கிடந்த கார்பன் நகலைப் பார்த்துக் கேட்டார்:

“அதுல என் பேரு இல்லியா ஐயா?”

“இல்ல அண்ணே. பயப்படாதீங்க.”

“ம்” என்றார். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவ்வளவுதான். ஆனால் அந்தக் கேள்வியை எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். இல்லியா என்பதை மேலே தூக்கிச் சொன்னால் நிம்மதி மாதிரிக் கேட்கிறது. இழுத்துச் சொன்னால், நான் அந்தப் பையனின் கையைக் காப்பாற்றினேனே, அதுகூடவா இல்லை என்று கேட்பது மாதிரி. அவர் எப்படிச் சொன்னார்? நான் அப்போது டைப் பிழை தேடிக்கொண்டிருந்தேன்.

பயப்படாதீங்க என்று நான் சொன்னதும் சரியாகப்படவில்லை. அவர் பயந்தார் என்று யார் சொன்னது? ஏணியில் ஏறியது அவர். பயந்தது நான். அவர் வாக்குமூலம் கொடுக்கப் போனால் இன்வென்ட்ரியில் அந்த மெஷின் எப்படி இறைச்சி மெஷினாகக் கிடந்தது என்ற கேள்வியும் வரும் என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது உண்மை. தோன்றியது, ஆனால் அதற்காக எழுதாமல் விடவில்லை. அவருக்கு ஓய்வு கிட்டத்தில் இருந்தது. ஈ.பி.எஃப். என்கிற சேமலாப நிதித் தாள்கள் என் கையிலேயேதான் நகர்ந்துகொண்டிருந்தன. ஒரு வழக்கு நம்பர் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் பார்த்த ஆட்களை வைத்துத்தான் கணக்குப் போட்டேன். இன்றைக்கும் அந்த இடத்தில் உட்கார வைத்தால் அதையேதான் எழுதுவேன்.

அப்படிச் சொல்லி முடித்த கையோடு, அதற்குப் பிறகு நடந்தது ஞாபகம் வரும். அறிக்கை கம்பனி தலைமை ஒபிஸுக்குப் போனது. அங்கிருந்த பாதுகாப்பு அதிகாரி அதைப் படித்து, சந்தேகமான பொருளைப் பாதுகாப்பாகக் கையாண்டதற்கு அந்தக் கையாள் பையனுக்குப் பாராட்டுக் கடிதமும் ஒரு சுவர் மணிக்கூடும் அனுப்பினார். டின்னைக் காதில் வைத்து ஆட்டிய பையனுக்கு! அறிக்கையில் இருந்த ஒரே பெயர் அவனுடையது, அவர்கள் வேறு யாருக்குக் கொடுப்பார்கள்? துரை பங்களா வராந்தாவில் வைத்துக் கொடுத்தார். பையனுக்கு வெட்கம், இரண்டு தடவை திரும்பி அப்புவைப் பார்த்தான். அப்பு கேக் தட்டோடு நின்றார். முகத்தில் ஒன்றும் இல்லை. பங்களாக்காரர்களின் முகத்தில் ஒன்றும் இருக்காது, அது அவர்கள் வேலை.

பிறகு சுற்றறிக்கை வந்தது. அறிமுகமில்லாத பொருளைக் கண்டால் தொடாமல் மேலதிகாரிக்கு அறிவிக்கவும். ஆட்டாதே, எறியாதே, அடுப்பில் போடாதே, தண்ணீரில் போட்டுவிட்டுச் செத்தது என்று நினைக்காதே என்ற ஒன்றும் அதில் இல்லை. எப்படி இருக்கும்? அந்த அறிவு வந்த இடத்தையே நான் அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டேனே. பழைய பங்களாக்கள் இந்த மலை முழுக்க இருக்கின்றன, எத்தனை சீலிங்குக்கு மேலே எத்தனை டின்னோ. அடுத்த கூரையில் நிற்கும் பையனுக்கு என் அறிக்கையால் ஒரு உபயோகமும் இல்லை. அப்புவுக்கு இருந்ததா? இருந்தது என்றுதான் நினைக்கிறேன். சிக்கலில்லாமல் ஓய்வு பெற்றார், பணம் முழுசாகக் கிடைத்தது.

சுற்றறிக்கையில் எல்லாரும் வாசித்து ஒப்பமிட வேண்டும். அப்புவும் ஒப்பமிட்டார். நான்தான் வாசித்துக் காட்டினேன். முடிந்ததும், “சரியாத்தான் எழுதியிருக்காங்க” என்றார். அதையும் இரண்டு விதமாகக் கேட்கலாம்.

இப்போது அவர் மகன் வீட்டில் இருக்கிறார். பேத்தி கல்யாணத்துக்கு அழைப்பு அனுப்பியிருக்கிறார், உறையில் என் பெயரை இனிஷலோடு முழுசாக எழுதி. போகும்போது கேட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். மனைவி, கல்யாண வீட்டில் போய் வெடிமருந்துப் பேச்சா என்கிறாள்.