பட்டு ஓவியத் தேர்வு: கழுவப் பயப்படாதீர்கள்

நேற்று மாலை முடிவு வந்தது. தேறிவிட்டேன். போன பருவத்தில் இதே தேர்வில் தவறி, ஹனோயில் இன்னும் ஆறு மாதம் வாடகை கொடுத்துத் தங்கி எழுதியது இது. இந்தப் பாடத்தை எடுக்கப் போகிறவர்களுக்காகச் சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன். தேர்வில் பட்டில் வரைந்து காட்டும் செய்முறையும், கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வாய்மொழியும் உண்டு.

நான் தவறியதற்கு ஒரே காரணம், பட்டைக் கழுவப் பயந்தது. வியட்நாமியப் பட்டு ஓவியத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. மெல்லிய நீர்வண்ணம் பூசி, காயவிட்டு, தண்ணீரும் மென்மையான தூரிகையும் கொண்டு கழுவ வேண்டும். மேலே ஒட்டி நின்ற நிறம் போய்விடும், இழைக்குள் இறங்கியது தங்கும். மறுபடி பூச்சு, மறுபடி கழுவல். இரண்டு நாள் உழைத்த முகம் கரைந்துவிடுமே என்று போன முறை நான் கழுவவே இல்லை. வண்ணம் பவுடர் அப்பினாற்போல் நின்றது. அதைச் சரிசெய்யக் கன்னத்தில் வெள்ளை வைத்தேன், முகமே செத்துப்போயிற்று. வெளிச்சம் வேண்டிய இடத்தில் வெறும் பட்டுத்துணியையே விட்டுவைக்க வேண்டும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இந்த முறை முகத்தை மட்டும் ஏழு தடவை கழுவினேன்.

மற்றவை சுருக்கமாக:

- கோட்டோவியத்தை முழு அளவில் தாளில் முடித்துவிட்டே பட்டைத் தொடுங்கள். தாளை அடியில் வைத்துக் கோடு எடுக்கலாம். பட்டில் அழித்து அழித்து வரைய முடியாது.
- சட்டத்தில் இழுத்துக் கட்டும்போது இழை நேராக ஓடுகிறதா பாருங்கள்.
- கருமை ஒரே பூச்சில் வேண்டாம்.
- கடைசியில் வரைந்த பட்டைக் காகிதத்தில் ஒட்ட அரை நாள் ஒதுக்குங்கள். என்னைப் போல் பதற்றப்படுகிறவர்கள் முழு நாள்.

வாய்மொழியில் நிச்சயம் வரும் கேள்வி: கிழக்கும் மேற்கும் எங்கே கலக்கின்றன? 1925இல் ஹனோயில் இந்தோசீன நுண்கலைப் பள்ளி தொடங்கியது, நிறுவியவர்கள் பிரெஞ்சு ஓவியர் விக்டர் தார்தியே, வியட்நாமிய ஓவியர் நாம் சன், 1945இல் மூடியது என்று ஒப்பித்து நிறுத்தாதீர்கள். ஒரே ஒரு படத்தை எடுத்து, அதற்குள்ளேயே நின்று பேசுங்கள்.

நான் எடுத்தது அந்தப் பள்ளியில் படித்த பட்டு ஓவியர் நுயென் ஃபான் சான் 1931இல் வரைந்த 'ஓ அன் குவான்' ஆட்டம். நம் பல்லாங்குழியின் உறவுக்கார ஆட்டம் அது. குழிக்குப் பதில் தரையில் கட்டம் போட்டு ஆடுவார்கள். நான்கு சிறுமிகள் கட்டங்களைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். உடல்களைப் பெரிய பெரிய வடிவங்களாகச் சேர்த்து அமைத்திருப்பதும், உட்காரும் விதத்தை நேரில் பார்த்து வரைந்ததுபோல் கொண்டுவந்திருப்பதும் பிரெஞ்சுப் பயிற்சி. தரையில் விழும் நிழல் இல்லாமல் தட்டையாக விட்டிருப்பதும், வெற்றிடத்தைப் பேச விடுவதும் கிழக்கின் வழி. சான் அந்தப் பள்ளிக்கு வருமுன்பே சீன எழுத்தில் தேர்ந்தவர். படத்தில் தெரியும் பழுப்பு, வியட்நாமின் வடக்குக் கிராமத்தார் ஒருவகைக் கிழங்கில் சாயமேற்றி உடுத்திய துணியின் நிறம். இரண்டு மரபையும் ஒட்டவைப்பது கழுவல்தான் என்று சொன்னேன். அழுத்தமான கோடு இல்லாமலே உருவம் திரள்வதற்கு அதுதானே காரணம்!

உடனே தேர்வாளர்கள் மடக்கினார்கள்: அப்படியானால் அதே பள்ளியில் படித்த ஓவியர்கள் லே ஃபோ, மை துங் தூ? 1937இல் பிரான்சுக்குப் போய் அங்கேயே வாழ்ந்த அவர்கள் பட்டில் கோவாஷ் பயன்படுத்தினார்களே, அது ஒளி ஊடுருவாத வண்ணமாயிற்றே? ஒரு நொடி தடுமாறினேன். அப்புறம், அது இதே வேரிலிருந்து பிரிந்த வேறு கிளை, லே ஃபோவின் தாயும் சேயும் படங்களில் ஐரோப்பிய மாதா ஓவியங்களின் சாயலே தெரிகிறது, எனக்குச் சானின் மங்கிய பழுப்புதான் பிடிக்கும் என்று உள்ளதைச் சொன்னேன். மறுத்துப் பேசவில்லை.

கழுவியது போதுமா என்று எப்படித் தெரியும்? ஒட்டுவதற்கு முன் சட்டத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கமும் முகம் ஏறக்குறைய அதே ஆழத்தில் தெரிய வேண்டும். இடைமதிப்பீட்டின்போது தேர்வாளர் என் சட்டத்தை எடுத்ததும் முதலில் திருப்பித்தான் பார்த்தார்.