கரிசல் காட்டில் காற்றாடி: ஊர் எதிர்ப்பைக் கடந்த விதம்

தூத்துக்குடி மாவட்டத்தில் கயத்தாறு பக்கத்துக் கிராமங்களில் மின்சாரம் எடுக்கும் காற்றாடி நிறுத்தப் போனால் முதலில் காதில் விழுவது இதுதான்: "காத்தாடி மேகத்தை விரட்டிரும், மழை பெய்யாது." படம் போட்டு வகுப்பு எடுத்தால் காரியம் கெட்டுவிடும். அவர்கள் கண்ணால் பார்ப்பதிலிருந்தே பேச வேண்டும். ஆனி, ஆடியில் மேகம் கிழக்கே ஓடுவதும் உண்மை, மழை பெய்யாததும் உண்மை. தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மேற்கே கேரளம் வாங்கிக்கொள்கிறது. இந்தப் பக்கம் மழை மறைவு. இங்கே மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அந்த மாதங்களில் காற்று தணிந்து காற்றாடிகள் பெரும்பாலும் சும்மா நிற்கும். "மழை மாசத்துல இது சுத்துதா?" என்று கேட்டுவிட்டால் மீதியைப் பெரியவர்களே பேசி முடிப்பார்கள்.

மழைப் புகாருக்கு அடியில் இன்னொரு புகார் ஒளிந்திருக்கும்: "குளத்துக்குத் தண்ணி வரல." இது பல இடங்களில் நிஜம். காரணம் காற்றாடி அல்ல, அதற்குப் போடும் ரோடு. கிரேனும் 60 மீட்டருக்கு மேல் நீளமுள்ள இறக்கை ஏற்றிய டிரெய்லரும் போக, கரிசலின் மேல் சரள் கொட்டி 5, 6 மீட்டர் அகலத்துக்கு உயர்த்துவார்கள். கரிசலில் மழைநீர் வாய்க்காலில் மட்டும் ஓடாது, பரவி வழியும். ரோடு அதற்குக் கரையாகிவிடும்; மேல்காட்டில் பயிர் அழுகும், கீழே குளம் காயும்.

பட்டா நிலத்துக்குள் ஓடும் சின்ன ஓடைகள் எஃப்.எம்.பி. எனும் நில அளவை வரைபடத்தில் இல்லாமல் போகலாம். ஆகவே சர்வேயரை அழைக்கும் முன்பே, குளத்துத் தண்ணீரைத் திறந்து பாய்ச்சும் நீர்பாய்ச்சியை அழைத்துக்கொண்டு ரோடு வரும் வழி முழுக்க நடக்க வேண்டும். அவர் கை காட்டும் இடமெல்லாம் ரோட்டுக்கு அடியில் ஹியூம் பைப், அதாவது சிமெண்ட் குழாய். 300 மி.மீ. பைப் வேண்டாம், ஒரே மழையில் கருவேல முள்ளும் வண்டலும் அடைத்துவிடும். 600 அல்லது 900 போடுங்கள். பைப்பின் அடி ஓடைத் தரையோடு சமமாக இருக்கட்டும். மேலே ஏறினால் தண்ணீர் தேங்கும், கீழே இறங்கினால் மண் மூடும். நீர் பரவி வழியும் இடத்தில் பைப் உதவாது, ரோட்டையே தாழ்த்தி, தண்ணீர் அதன் மேலேயே வழிந்து போகும் தாம்போதி கட்ட வேண்டும். அடித்தளக் குழி ஏறக்குறைய 20 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம். அந்த மண்ணை எங்கே கொட்டுவது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதாவிட்டால் அது ஓடையில்தான் கிடக்கும்.

சத்தத்துக்கு, மத்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்தின் 2016 வழிகாட்டுதல் வீட்டிலிருந்து 500 மீட்டர் தள்ளி நிறுத்தச் சொல்கிறது. அந்தத் தூரத்தில் சுமார் 40 டெசிபல் இருக்கும். ஊர் அடங்கிய ராத்திரியில் அது கேட்கும். "சத்தமே வராது" என்று சொல்லிவிட்டால் அடுத்து சொல்வது எதையும் நம்ப மாட்டார்கள். அளக்கும்போது தோட்டத்து வீடுகளை விட்டுவிடாதீர்கள். பொதுச் சாலைக்கு வேறு கணக்கு: டவர் உயரம், இறக்கை சுற்றும் வட்டத்தின் விட்டத்தில் பாதி, கூட 5 மீட்டர். 120 மீட்டர் டவர், 130 மீட்டர் விட்டம் என்றால் 190 மீட்டர். இறக்கை நிழல் காலையில் மேற்கு வீட்டிலும் சாயங்காலம் கிழக்கு வீட்டிலும் விழும். அந்த நேரத்துக்கு மட்டும் இயந்திரத்தை நிறுத்திவைக்கக் கட்டுப்பாட்டுப் பெட்டியிலேயே வழியுண்டு.

"எங்க ஊருக்குக் கூடுதலா கரண்ட் வருமா?" வராது. 33 கே.வி. லைனில் நேராக சப்ஸ்டேஷனுக்குப் போய்விடும். நிரந்தர வேலையும் வாட்ச்மேன் போலச் சிலருக்குத்தான். இரண்டையும் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

சம்மதம் வாங்கிய பிறகு வெடிக்கும் சண்டை மின்கம்பத்தால் வருவது. லைன் இழுப்பவர் வேறு காண்டிராக்டர், குறுக்குவழி பார்த்து நட்ட நடுக்காட்டில் கம்பம் ஊன்றுவார். கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி இருக்கும் வரை அங்கே டிராக்டர் திரும்பாது. கம்பம் வரப்பிலோ வண்டிப்பாதை ஓரத்திலோ என்று குறித்த வரைபடத்தில் ஒவ்வொரு பட்டாதாரரின் கையெழுத்தையும் முன்பே வாங்குங்கள். பைப் பட்டியல், தாம்போதி, கம்ப வரைபடம் மூன்றும் கிராம சபைத் தீர்மானத்தோடு இணைய வேண்டும். ரோடு காண்டிராக்டரின் கடைசித் தவணையை ஒரு ஐப்பசி மழை தாண்டி, நீர்பாய்ச்சி பார்த்துச் சரி சொன்ன பிறகே விடுவிப்பது என்றும் அதிலேயே எழுதிவிடலாம்.