பொங்கல் வைக்காத வருஷம்

13 டிசம்பர் 2024, வெள்ளி

விடிய விடிய மழை. இன்று திருக்கார்த்திகை. அம்மா இறந்துவிட்டதால் நமக்கு இந்த வருஷம் கிடையாது. தினமும் ஏற்றுகிற ஒற்றை விளக்கை மட்டும் ஏற்றினேன். காற்றில் இரண்டு தடவை அணைந்தது.

தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கமெல்லாம் கொட்டித் தீர்க்கிறதாம். ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டே வருகிறது. அப்பா காலையிலிருந்து நாலு தடவை குடையை எடுத்துக்கொண்டு ஆற்றுப்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஐந்தாவது தடவை கிளம்பும்போது குடையை வாங்கி வைத்துவிட்டேன். அரிசி மூட்டை, தங்கச்சியின் ஸ்கேன் ஃபைல், அம்மா எடுத்து வைத்த பழஞ்சேலைகள் எல்லாவற்றையும் பரணில் ஏற்றியாயிற்று. எட்டு மாசத்துக்காரியை எங்கே ஏற்றுவது?

சாயங்காலம் பக்கத்து வீட்டு மதினி ஓலைக் கொழுக்கட்டை கொண்டுவந்தார். "நீங்க செய்யக் கூடாதுன்னுதான், திங்கக் கூடாதுன்னு இல்ல" என்று சொல்லித் தட்டை என் கையில் திணித்தார். பனையோலைக் கட்டை அவிழ்த்ததும் வந்த வாசனையில் தங்கச்சி மூன்று தின்றாள். அப்பா ஒன்றும் தொடவில்லை.

14 டிசம்பர், சனி

தண்ணீர் வடிகிறது. அப்பா பகலில் ஒரு மணி நேரம் தூங்கினார்.

பரணிலிருந்து சாமான்களை இறக்கும்போது ஒரு பழைய போர்வைக்குள் தூக்குச்சட்டி ஒன்று இருந்தது. நம்முடையது இல்லை. எவர்சில்வர், ஒரு படி கஞ்சி கொள்ளும். பிடியின் ஒரு பக்கம் கொக்கி போய், செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டியிருக்கிறது. விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கிறார்கள்: செ. பொ. 'பொ'வின் கால் பாதியோடு நிற்கிறது, காதுக்கு அடித்த ரிவிட் குறுக்கே வந்துவிட்டது.

காரியத்தன்று யாரோ சோறு கொண்டுவந்த பாத்திரமாக இருக்கும். நாலு மாசமாக அவர்கள் வந்து கேட்கவும் இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

16 டிசம்பர், திங்கள்

மார்கழி பிறந்தாயிற்று. தெருவெல்லாம் கோலம். நம் வாசலில் தண்ணீர் மட்டும் தெளித்தேன்.

ஆறு மணிக்கு மதினியின் மகள் கொல்லைப்பக்கம் வந்து நின்றாள். "பெரியம்மை, ஆச்சி கொடில பூ பறிச்சுக்கிடவா?" பூசணிக்கொடியை அம்மா போட்டது ஆடி மாசம். இப்போது கிணற்றடி வரைக்கும் ஓடிப் படர்ந்து கிடக்கிறது. தினமும் ஒரு பூ, சாணிப் பிள்ளையாருக்கு. சாயங்காலம் அதை எருவாகத் தட்டிக் காயவைத்து, தையில் சிறுவீட்டுப் பொங்கல் வரைக்கும் சேர்க்க வேண்டும். போன வருஷம் அம்மா அவளிடம் கணக்குக் கேட்பாளாம், இன்றைக்கு எத்தனையாவது எரு என்று.

"தினம் வா" என்றேன். வேறு எதுவும் சொல்ல வரவில்லை.

17 டிசம்பர், செவ்வாய்

வெள்ளம் வந்து ஒரு வருஷம். வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்று பிறகுதான் படித்தேன். அன்றைக்கு மதுரையில் என் வீட்டுக்குள் அம்மா நம்பருக்கும் அப்பா நம்பருக்கும் மாற்றி மாற்றிப் போட்டபடி நடந்துகொண்டிருந்தேன். ஏரல் பாலம் உடைந்துவிட்டது என்று டி.வி.யில் காட்டினார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நிற்கிறது என்றார்கள். மூன்று நாள் எந்த நம்பரிலும் மணி அடிக்கவில்லை. நாலாம் நாள் யாரோ ஒருவருடைய போனிலிருந்து அம்மா பேசினாள். முதல் வார்த்தை, "நீ சாப்ட்டியாட்டி?"

முன்னறைச் சுவரில் ஜன்னல் திண்டுக்கு மேலே வெள்ளம் நின்ற கோடு அப்படியே இருக்கிறது. வெள்ளையடிக்க அப்பா விடவில்லை. இன்றைக்கு அதன் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

20 டிசம்பர், வெள்ளி

ஏழு வீட்டில் கேட்டாயிற்று. செ. பொ. யாரும் இல்லை.

22 டிசம்பர், ஞாயிறு

தங்கச்சிக்குக் கால் வீக்கம். கொலுசைக் கழற்றிவிட்டாள். நேற்று நர்ஸ் வந்து பிரஷர் பார்த்து, உப்பைக் குறைக்கச் சொன்னார். பிக்மி நம்பரை, அதுதான் கர்ப்பிணிப் பதிவு எண்ணை, மூன்று இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: ஃபைலில், காலண்டரில், என் கைப்பையில். நிமிஷத்துக்கு ஒரு தடவை "பிள்ளை அசையுதா?" என்று கேட்கிறேன். அவளுக்கு எரிச்சல். அம்மா எனக்குப் பேறு பார்த்தபோது எத்தனை தடவை கேட்டாளோ, நானும் இப்படித்தான் சிடுசிடுத்தேன்.

25 டிசம்பர், புதன்

மெஞ்ஞானபுரத்துக்காரி வந்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்து இருக்கை. காலை ஆராதனை முடிந்த கையோடு, கட்டின பட்டுச்சேலையோடு பஸ் ஏறி வந்திருக்கிறாள். முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, கேக் எல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில். ஒவ்வொரு வருஷமும் மூடி போட்ட பெரிய டப்பாவில்தான் கொண்டுவருவாள். அதில் பொங்கலுக்கு அம்மா பனங்கிழங்கும் வெல்லமும் வைத்துத் திருப்பி அனுப்புவாள். ஏன் பெட்டி என்று நான் கேட்கவில்லை. போகும்போது அவளே சொன்னாள்: "பாத்திரத்துல கொண்டாந்தா நீ வெறும் பாத்திரமா திருப்பித் தரணுமேன்னு நெனச்சுக்கிட்டே இருப்ப."

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அம்மா போன அன்றுகூட இவ்வளவு அழவில்லை.

31 டிசம்பர், செவ்வாய்

ராத்திரி பதினொன்று. அப்பா பேசினார்.

தூக்குச்சட்டியைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க வந்தவர் பார்த்துவிட்டு நின்றார். "அது வெள்ளத்துல வந்ததுல்லா" என்றார். அப்புறம் அடுக்களை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மொட்டைமாடியில் இரண்டாம் நாளாம். பக்கத்து வீட்டார், எதிர்வீட்டு ஆச்சி எல்லாரும் சேர்த்து பதினொரு பேர், கையில் இருந்தது ஒரு பாக்கெட் ரொட்டி. மத்தியானம் வாழைத்தண்டுகளைச் சேர்த்துக் கட்டிய தெப்பத்தில் இரண்டு பையன்கள் வந்திருக்கிறார்கள். கழுத்தில் துண்டு, மேலுக்குச் சட்டை இல்லை. அம்மா சேலை ஒன்றை முடிச்சுப் போட்டுக் கீழே விட்டிருக்கிறாள். அவர்கள் தூக்குச்சட்டியின் பிடியில் சேலையைக் கட்டி ஆட்டிக் காட்டினார்களாம். மேலே இழுத்துத் திறந்தால் சுடுகஞ்சி, அதன்மேல் ஒரு துண்டு வாழையிலையில் பருப்புத் துவையல். ஊரே தண்ணீருக்குள் கிடக்கும்போது எந்த வீட்டில் அடுப்பு எரிந்தது, யார் துவையல் அரைத்தது? "நாளைக்கு வந்து வாங்கிக்கிடுறோம்" என்று சொல்லிவிட்டுப் போன பையன்கள் வரவே இல்லை. மறுநாள் வேறு ஆட்கள் படகில் வந்தார்களாம்.

அதற்கப்புறம் அம்மாவுக்கு அதே வேலை. உமரிக்காடு, வாழவல்லான், ஆத்தூர் என்று எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் மஞ்சப்பைக்குள் இந்தத் தூக்குச்சட்டி இருக்கும். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம், பஸ்ஸில் வந்தவர்களிடம், வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்கிறவர்களிடம் எடுத்துக் காட்டிக் கேட்டிருக்கிறாள். வெறும் சட்டியாகப் போகக் கூடாது என்று பைக்குள் எப்போதும் அரைக் கிலோ கருப்பட்டியும் இருக்குமாம். போர்வையைச் சுற்றிப் பரணில் வைத்தது அவள்தான், படுக்கையில் விழுந்த பிறகு. "எலி உருட்டிரும்னா" என்றார் அப்பா.

இவ்வளவும் என்னிடம் ஏன் சொல்லவில்லை அம்மா? தினமும் போனில் பேசினோமே. குழம்பு என்ன, பேரன் படிக்கிறானா, மழை பெய்ததா என்று எவ்வளவோ பேசினோம். இதைக் கேட்கிற மாதிரி நான்தான் ஒரு நாளும் நின்று பேசவில்லையோ.

1 ஜனவரி 2025, புதன்

வந்த வாழ்த்தையெல்லாம் படித்தேன். யாருக்கும் பதில் போடவில்லை.

6 ஜனவரி, திங்கள்

திருப்பூரிலிருந்து தம்பி. "இந்த வருஷம் பொங்கல்படி கிடையாதுல்லக்கா?" கிடையாதுதான். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பொங்கல் சீராக அனுப்புகிற படி துக்க வீட்டிலிருந்து போகாது, அதோடு தங்கச்சி இங்கேதான் இருக்கிறாள். நியாயமான கேள்வி. ஆனால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன், அவள் கேட்டுவிட்டாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

போன பொங்கல் அவளுக்குத் தலைப்பொங்கல். வெள்ளம் வடிந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. பீரோவுக்குள் சேறு, மெத்தையெல்லாம் குப்பையில். அம்மா ஒன்றையும் குறைக்கவில்லை. வெண்கலப் பானை இரண்டு, பச்சரிசி, மண்டை வெல்லம், சிறுகிழங்கு, சேனை, பனங்கிழங்குக் கட்டு, மஞ்சள் குலை, கரும்பு. வாழைத்தார் மட்டும் கடையில் வாங்கினாள். எங்கள் வயலில் ஒரு மரம் விடாமல் சாய்ந்து கிடந்தது. "என் வயசுக்கு இன்னைக்குத்தான் காசு குடுத்துத் தாரு வாங்குதேன்" என்று போனில் சொன்னாள். இரண்டு மூன்று நாள் அதையே சொன்னாள்.

10 ஜனவரி, வெள்ளி

ரேஷனில் பொங்கல் தொகுப்பு வாங்கிவந்தேன். ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, ஒரு முழுக்கரும்பு. கரும்பைக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தேன். திரும்பி வந்து பார்த்தால் தங்கச்சி திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து பல்லால் உரித்துக்கொண்டிருக்கிறாள். நாலு நாளைக்கப்புறம் அவள் முகத்தில் ஒரு தெளிச்சல்.

13 ஜனவரி, திங்கள்

திருவாதிரை. எதிர்வீட்டு ஆச்சி களி கொடுத்தார்கள். பிரஷர் சரியாக இருக்கிறது.

14 ஜனவரி, செவ்வாய்

மூன்றரைக்கே விழிப்பு வந்துவிட்டது. தெருவில் ஒவ்வொரு வாசலாக அடுப்புக் கட்டிக்கு விளக்கு வைப்பது ஜன்னல் வழியே தெரிந்தது. பனையோலை பற்றி எரிகிற சடசடப்பு. ஐந்து மணிக்கு முதல் குலவை மேலத்தெருவிலிருந்து கேட்டது. அப்புறம் வரிசையாக. நம் வீட்டை மட்டும் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போயிற்று. நான் கதவைச் சாத்தப் போனேன். அப்பா, "தெறந்தே கெடக்கட்டும்" என்றார்.

ஏழு மணியிலிருந்து வரத் தொடங்கினார்கள். மதினி, ஆச்சி, மேலத்தெரு சித்தி, அப்பாவோடு மண்டியில் கணக்கு எழுதினவர் வீடு, பெயர்கூடத் தெரியாத ஒரு புதுப்பெண். ஒன்பது மணிக்கு அடுக்களைத் திண்டில் பதினான்கு பாத்திரம் எண்ணினேன். பால்பொங்கல், சர்க்கரைப் பொங்கல், சிறுகிழங்குப் பொரியல், இடிச்சாம்பார். பொங்கல் வைத்த வீட்டிலேயே இவ்வளவு இருந்திருக்காது.

பிறகுதான் கவலை வந்தது. பதினான்கு பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒன்றும் வைக்காமல் எப்படித் திருப்பிக் கொடுப்பது? இந்த வீட்டிலிருந்து ஒரு பாத்திரம் வெறுமையாகப் படி இறங்கி நான் பார்த்ததில்லை. ஒன்றுமே இல்லாத நாளில் ஒரு சிட்டிகை சீனியாவது போடுவாள் அம்மா. வைத்தால் வாங்குகிறவர்களுக்கு மனசு உறுத்துமோ, பண்டிகை நாளில் துக்க வீட்டுச் சாமான் எதற்கு என்று நினைப்பார்களோ? ஆச்சியிடம் போய்க் கேட்டேன். "இந்த ஒரு வருசம் சும்மாதான் வரணும். வாங்கிக்கிட எங்களுக்குத் தெரியும்ட்டி" என்றார்கள்.

சும்மாதான் கொடுக்கப் போனேன். பின்வாசலில் கறிவேப்பிலை மரம் தழைத்து நின்றது. மழைத் தண்ணீர் குடித்த இலை, கறுகறுவென்று. ஒரு பாத்திரத்துக்கு ஒரு இணுக்கு. மரம் தானாகத் தருவதுதானே, அதற்கு ஏது துக்கம்? யாரும் முகம் சுளிக்கவில்லை. மதினி மட்டும் அந்த இணுக்கை முகர்ந்து பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் வாசலில் நின்றார்.

பதினைந்தாவது பாத்திரம் பரணில்.

16 ஜனவரி, வியாழன்

காணும் பொங்கல். ஊரே சோற்றுமூட்டையோடு ஆற்றுக்குப் போய்விட்டது. தங்கச்சியும் போக வேண்டும் என்றாள், விடவில்லை. மொட்டைமாடியில் பாய் விரித்து மூன்று பேரும் புளியோதரை தின்றோம். எந்த மூலையில் நின்று அம்மா சேலையை விட்டாள் என்று அப்பா காட்டினார்.

26 ஜனவரி, ஞாயிறு

சிறுவீட்டுப் பொங்கல். பிள்ளைகளுக்கு லீவு என்பதால் இன்றைக்கு வைத்துக்கொண்டார்களாம். மதினியின் மகள் முற்றத்தில் களிமண்ணால் வீடு கட்டியிருந்தாள். இரண்டு அறை, அடுக்களை, ஒரு விரல் அளவுக்குத் திண்ணை. உள்ளங்கை அளவுப் பானையில் பொங்கல். இருபத்தொன்பது எருவையும் அடுக்கிவைத்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஒவ்வொன்றிலும் நம் பூசணிப்பூ, காய்ந்து காவி நிறமாகி ஒட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் சூடம் ஏற்றி ஆற்றில் விட்டார்கள். நானும் போனேன். ஒன்று மட்டும் கரையிலேயே சுற்றிச் சுற்றி நின்றது. பிள்ளை முட்டளவுத் தண்ணீரில் இறங்கித் தள்ளிவிட்டாள்.

தெப்பத்தில் வந்த பையன்களும் இந்தப் பக்கமாகத்தான் வந்திருக்க வேண்டும். கரையில் நின்ற இரண்டு பேரிடம் கேட்டேன். தெரியவில்லை.

28 ஜனவரி, செவ்வாய்

நாளை தை அமாவாசை. ஏரல் சேர்மன் சாமி கோவிலுக்கு இன்றைக்கே கூட்டம், பஸ் நிற்க இடமில்லை. தம்பி மத்தியானம் வந்து சேர்ந்தான். அம்மாவுக்கு முதல் தை அமாவாசை, காலையில் ஆற்றங்கரையில் எள்ளும் தண்ணீரும் விட வேண்டும். டாக்டர் சொன்ன தேதி 30. நாளைக்கு வலி வந்தால் இந்தக் கூட்டத்தில் ஆட்டோ எப்படி வெளியே போகும்? தம்பியிடம் மூன்று தடவை கேட்டுவிட்டேன். குறுக்குவழி பார்த்து வைத்திருக்கிறானாம்.

ராத்திரி 11.40. தங்கச்சி கூப்பிட்டாள். பாயெல்லாம் ஈரம்.

12.05. ஆட்டோ வாசலில். ஃபைல், பழஞ்சேலை, டார்ச் எல்லாம் எடுத்தாயிற்று. வெந்நீர் கொண்டுபோக ஃபிளாஸ்க்கைத் தேடினால் மூடியைக் காணோம். பரணுக்குத்தான் கை போயிற்று. தூக்குச்சட்டி நிறைய வெந்நீர் ஊற்றி, செம்புக் கம்பியில் துணியைச் சுற்றி அப்பா கையில் கொடுத்திருக்கிறேன். மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டார். கூப்பிடுகிறார்கள்.