சின்னமலைக் குகையில் ஒரு காலை

சென்னையில் இயேசுவின் சீடரான புனித தோமையாரின் பெயரோடு இணைந்த தலங்களில் சாந்தோமுக்கும் பரங்கிமலைக்கும் செல்வோர் மிகுதி. எனக்கோ சிறுவயது முதல் சைதாப்பேட்டையை அடுத்த சின்னமலைதான் நெருக்கமானது. கடந்த தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, மெட்ரோ நிலையத்தில் இறங்கி, அலுவலக நேரத்து வாகன இரைச்சலைக் கடந்து திருத்தல வளாகத்துக்குள் நுழைந்தேன். மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் வரும் தொழுநோயாளரைப் பற்றி அங்கே அமர்ந்து தியானிக்க வேண்டும் என்பது நெடுநாள் எண்ணம். எங்கள் குடும்பத்தில் வாழ்ந்து மறைந்த ஒருவரே அதற்குக் காரணம்.

கி.பி. 52-இல் இந்தியாவுக்கு வந்த தோமையார், தம்மைக் கொல்லத் தேடியவர்களிடமிருந்து மறைந்து இங்குள்ள குகையில் தங்கினார் என்பதும், 72-இல் பரங்கிமலையில் உயிர் நீத்தார் என்பதும் மரபு. 1551-இல் போர்ச்சுக்கீசியர் இங்கே கோயில் எழுப்பினர். குகைக்குள் குனிந்துதான் செல்ல வேண்டும். பாறையில் அவருடைய கைத்தடம் என்று மக்கள் போற்றும் அடையாளம் ஒன்று உண்டு. அதன் முன் மண்டியிட்டு மாற்குவைத் திறந்தேன்.

பழைய ஏற்பாட்டில் தூய்மை, தீட்டு பற்றிய சட்டங்களைச் சொல்லும் லேவியர் நூலின் 13-ஆம் அதிகாரத்தை அறியாமல் மாற்குவின் இப்பகுதியைப் படிக்க இயலாது. தொழுநோயாளர் கிழிந்த உடை உடுத்தி, தலைமுடியைக் கலைத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு, “தீட்டு, தீட்டு” என்று தாமே கூவ வேண்டும். பாளையத்துக்கு வெளியே தனித்துக் குடியிருக்க வேண்டும். அந்நூல் சொல்லும் நோய் இன்று மருத்துவம் அறிந்த தொழுநோய் மட்டுமன்று. பலவகைத் தோல் நோய்களும், துணியிலும் வீட்டுச் சுவரிலும் படரும் பூசணமும்கூட அதே பெயரால் சுட்டப்பட்டன. அத்தகைய ஒருவர் விலகி நிற்க வேண்டிய எல்லையைத் தாண்டி வந்து இயேசுவின் முன் முழந்தாளிடுகிறார். இயேசு பரிவுகொண்டு கையை நீட்டி அவரைத் தொடுகிறார். நோய் நீங்குக என்ற சொல் அதன் பிறகே வருகிறது. சொல் ஒன்றே போதுமானதாக இருந்தும், தீட்டு இன்னும் உடலில் இருக்கும்போதே அவர் தொட்டார் என்பதில்தான் என் மனம் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறது.

அதன் பிறகு, யூத சமயக் குருவிடம் போய்க் காட்டும்படி இயேசு சொல்கிறார். குரு பார்த்து உறுதி செய்து, லேவியர் 14 விதிக்கும் எட்டு நாள் சடங்கு முடிந்தால்தான் அம்மனிதர் மீண்டும் தம் வீட்டுக் கூரையின்கீழ் உறங்க முடியும். இயேசு அவருடைய தோலோடு சேர்த்து அவருடைய ஊரையும் திருப்பிக் கொடுத்தார். ஆனால் அந்தச் செய்தி பரவியதால், இயேசு எந்த நகருக்குள்ளும் வெளிப்படையாகச் செல்ல முடியாமல் வெளியே தனிமையான இடங்களில் தங்கினார் என்று மாற்கு முடிக்கிறார். வெளியே இருந்தவர் உள்ளே போனார். உள்ளே இருந்தவர் வெளியே நின்றார்.

என் அப்பாவின் அத்தைக்குத் தொழுநோய் இருந்தது. அவருடைய கணவர் வீட்டார் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டனர். (மணமுறிவுக்குரிய காரணங்களில் ஒன்றாகத் தொழுநோய் நம் நாட்டுச் சட்டங்களில் 2019 வரை இருந்தது, கிறிஸ்தவர்களுக்கான சட்டமும் அதற்கு விலக்கன்று.) மருந்து உண்டு முழுமையாகக் குணமடைந்து, மருத்துவர் தந்த சான்றிதழோடு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்தத் தாள் பீரோவில் இருந்தது. அவருடைய அலுமினியத் தட்டும் தம்ளரும் கொல்லைப்புறத் திண்ணையில் தனியே இருந்தன. பத்து வயதில் நான்தான் சோறு கொண்டு போவேன். தட்டைத் தரையில் வைத்துத் தள்ளிவிட்டு நான் இரண்டடி பின்னால் நகரும் வரை அவர் கையை மடியிலேயே வைத்திருப்பார். லூக்கா 17-இல் பத்துத் தொழுநோயாளர் தூரத்திலேயே நின்று குரலெழுப்பினர் என்று வாசிக்கும்போதெல்லாம், மடங்கிய விரல்களை முந்தானைக்குள் மறைத்த அந்தக் கைதான் எனக்குத் தெரியும்.

தீண்டாமை என்ற சொல்லைத் தமிழில் எவரும் விளக்கத் தேவையில்லை. சாதியின் பெயரால் கல்லறைத் தோட்டத்துக்குள்ளும் சுவர் எழுப்பிய ஊர்கள் நம் திருச்சபையிலேயே இருந்திருக்கின்றன. இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு வலிக்கிறது. தொட்டு நலமாக்கியவரின் பீடத்தருகே அப்படியொரு சுவர் எப்படி எழும்பியது?

உயிர்த்த இயேசு தோமையாரிடம், உன் கையை நீட்டி என் விலாவில் இடு என்றார். காயம்பட்ட உடலைத் தொட அழைக்கப்பட்ட அதே மனிதரின் கைத்தடம் என்று நம் முன்னோர் நம்பிப் போற்றிய இடத்தில்தான் நான் இருந்தேன். எவ்வளவு நேரம் மண்டியிட்டிருந்தேன் என்று நினைவில்லை. பின்னால் காத்திருந்த ஓர் அம்மா மெல்ல இருமியதும் எழுந்து வழிவிட்டேன்.

எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று திருப்பலிக் கருத்துக்கு, அதாவது யாருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்ற குறிப்புக்கு, இறந்தவர் பெயர்களை எழுதிக் கொடுப்பது வழக்கம். பெரிய அத்தையின் பெயர் அதில் ஒருமுறையும் இடம்பெற்றதில்லை. அன்று திருத்தல அலுவலகத்தில் வரும் ஞாயிறு திருப்பலிக்கு ஒரு கருத்து எழுத வேண்டும் என்றேன். பதிவேட்டைத் திறந்தவர் இறந்தவரின் பெயரைக் கேட்டார், முழுப்பெயரைச் சொன்னேன். யார் ஒப்புக்கொடுப்பதாக எழுதட்டும் என்றார்.

“குடும்பத்தார் என்று எழுதுங்கள், ஐயா” என்றேன்.