நடுப்பொட்டு இல்லாத கமராவுக்கு லைற் வாங்கிய கதை

கேனன் 2000டி, 4000டி, 250டி, இந்த மூன்றில் ஒன்றை வைத்திருப்பவர்கள் பிளாஷுக்குக் காசு கட்ட முதல் கமராவின் தலையில் பிளாஷ் பூட்டும் இடத்தை ஒருக்கால் உற்றுப் பாருங்கள். (இந்தியாவிலிருந்து வந்ததென்றால் 1500டி, 3000டி, 200டி மார்க் 2 என்று பெயர் இருக்கும், சாமான் ஒன்றுதான்.) மற்றப் பெரும்பாலான கேனன்களில் நான்கு சின்ன உலோகப் பொட்டுகளும் நடுவில் பெரிய வட்டப் பொட்டு ஒன்றும் இருக்கும். இவற்றில் அந்தப் பெரியது இல்லை. அந்த ஒரு பொட்டு என்னை என்ன பாடு படுத்தியது என்பதைக் கோபம் ஆறமுதல் எழுதிவிடுகிறேன்.

எனக்குப் பெரிய ஸ்ரூடியோ ஒன்றும் தேவையில்லை. யாழ்ப்பாணம் கொக்குவிலில் வீட்டு முன்னறை, மனைவி ஒன்லைனில் விற்கும் சேலை, நகைப் படங்கள், இடைக்கிடை சொந்தக்காரப் பிள்ளைகளின் பிறந்தநாள். சாமான் எல்லாம் மோட்டார் சைக்கிளில் போகவேண்டும், கரண்ட் இல்லாவிட்டாலும் எரியவேண்டும். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற காலத்தைக் கண்டவன் பிளக்கை நம்பி லைற் வாங்குவானா? அதனால் முதலில் பற்றரியில் ஓடும் எல்இடி பனல் ஒன்றை டவுனிலேயே எடுத்தேன். பெட்டிப் படத்தில் பனலின் முதுகில் கறுப்புப் பற்றரி அழகாகக் கொழுவியிருக்கிறது, உள்ளே பற்றரி இல்லை. "அது வேற வாங்கோணும் அண்ணை, என்பி-எஃப் எண்டு கேளுங்கோ, எங்களிட்ட இப்ப முடிஞ்சுது" என்றான் கடைத் தம்பி, மிக இயல்பாக. பற்றரியும் சார்ஜரும் சேர, பனலின் பாதி விலைக்கு மேல் போனது.

சரி என்று எரித்துப் பார்த்தால் கூறைச் சேலையின் அரக்குச் சிவப்பு ஒரு செத்த மண்ணிறமாக விழுகிறது. வைற் பலன்ஸைத் திருப்பிச் சேலையைச் சரிப்படுத்தினால் பக்கத்தில் இருக்கும் அட்டியல் நிறம் மாறிவிடுகிறது. மலிவு எல்இடிகளின் வெளிச்சத்தில் ஆழ்ந்த சிவப்புக் குறைவு, வெளிச்சத்தில் இல்லாததைக் கமரா எங்கேயிருந்து எடுக்கும்? பெட்டியில் சிஆர்ஐ (வெளிச்சம் நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு) 95 அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்கிறதா, சிவப்புக்கான ஆர்9 தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். என் பெட்டியில் வாட் மட்டும்தான் கொட்டை எழுத்தில் இருந்தது. வீடியோ எடுப்பவர்களுக்குப் பனல் தேவைதான், அது வேறு கதை. வீட்டு எல்இடி பல்பு போடும் சொஃப்ட்பொக்ஸ் செட்டும் ஒருவர் தந்து பார்த்தேன், நமது 50 ஹேர்ட்ஸ் கரண்டில் மலிவு பல்பு விநாடிக்கு 100 தரம் மினுங்கும், ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு. 1/50 அல்லது 1/100 இல் எடுத்தால் தப்பலாம், ஆனால் துள்ளுகிற பிள்ளையை 1/50 இல் எடுத்துப் பாருங்களேன்.

ஆகவே பிளாஷ்தான் என்று முடிவெடுத்துக் கொழும்பு போன நேரம் கொடொக்ஸ் டிடி600 ஒன்று, கமராவில் பூட்டித் தூரத்திலிருக்கும் பிளாஷை அடிக்க வைக்கும் மலிவான ஒற்றைப்பொட்டு ட்ரிகர் ஒன்று, வெளிச்சத்தை மென்மையாக்க வெள்ளைக் குடை, ஸ்ராண்ட் எல்லாம் ஒரே கடையில் எடுத்தேன். கமரா 2000டி என்று சொல்லித்தான் கேட்டேன். "எல்லாக் கமராவுக்கும் போடலாம்" என்று பதில். வீட்டுக்கு வந்து பூட்டினால் பிளாஷ் அடிக்கவில்லை. நேரே கமராவின் தலையில் வைத்தாலும் இல்லை. சனலை மாற்றினேன், பற்றரியை மாற்றினேன், மெனு முழுக்கத் தோண்டினேன். கொடுமை என்னவென்றால் ட்ரிகரில் இருக்கும் டெஸ்ட் பொத்தானை அமத்தினால் பிளாஷ் பளிச்சென்று அடிக்கிறது! திரும்ப இரவு பஸ் பிடித்துக் கடைக்குப் போனால் அவர்கள் செய்ததும் அதேதான். பொத்தானை அமத்திக் காட்டி, "வேலை செய்யுதுதானே, உங்கட கமராவிலதான் பிழை, பெட்டி உடைச்சா ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்." கமராவைப் பூட்டிக் காட்டச் சொன்னேன், அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிவிட்டார். டெஸ்ட் பொத்தான் ட்ரிகரும் பிளாஷும் பேசிக்கொள்கின்றன என்பதைத்தான் காட்டும், கமரா ட்ரிகருடன் பேசுகிறதா என்பதை அல்ல. கடையில் நிற்கும்போதே உங்கள் கமராவைப் பூட்டி, கமராவின் ஷட்டரை அமத்திப் பார்க்காமல் பில் போட விடாதீர்கள்.

விடை கிடைத்தது ஊரில், பிலிம் காலத்திலிருந்து ஸ்ரூடியோ வைத்திருக்கும் ஓர் அண்ணையிடம். கமராவை வாங்கித் தலைகீழாய்ப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். "இதில நடுப்பொட்டு இல்லைத் தம்பி, பாத்தனீரோ? கமரா எப்பிடி உதுக்குச் சொல்லும்?" அவ்வளவுதான். டிடி600, மலிவு ட்ரிகர் எல்லாம் நடுப்பொட்டு வழியாகத்தான் சமிக்ஞை வாங்கும். பிறகு அவரே பிளாஷை எடுத்து எஸ்2 என்ற மோடில் போட்டு, கமராவின் சொந்தக் குட்டிப் பிளாஷைத் திறந்து ஒரு படம் எடுத்தார். டிடி600 அடித்தது! எஸ்1, எஸ்2 இரண்டிலும் பிளாஷ் இன்னொரு பிளாஷின் வெளிச்சத்தைக் கண்டு தானும் அடிக்கும். கேனனின் குட்டிப் பிளாஷ் அளவு பார்க்க முன்கூட்டி ஒருமுறை மின்னும், எஸ்1 அதற்கே ஏமாந்து முந்தி அடித்துவிடும், எஸ்2 அதை விட்டுவிட்டு அடுத்ததற்கு அடிக்கும். அப்படியென்றால் ட்ரிகரே தேவையில்லை. குட்டிப் பிளாஷ் முகத்தில் அடிக்காமல் இருக்க அதற்கு முன்னால் ஒரு வெள்ளை மட்டையைச் சரித்துப் பிடித்தால் போதும். வெளியில் கடும் வெயிலில் இது சரிவராது, அறைக்குள் பிரச்சினையே இல்லை. கடைக்காரர் இதைச் சொல்லியிருந்தால் ஒரு குளிர்பானமும் வாங்கிக் குடித்துவிட்டு வந்திருப்பேன்.

பிறகு காசு சேர்த்து கொடொக்ஸ் எக்ஸ்2டி ட்ரிகரில் கேனனுக்கென்று வரும் 'சி' வகையை எடுத்தேன். ட்ரிகருக்குள் இருக்கும் மென்பொருளை (ஃபேர்ம்வேர்) புதுப்பித்த பின் 2000டியில் ஒழுங்காக அடிக்கிறது. புதுப்பிக்க விண்டோஸ் கணினி வேண்டும், என் தங்கையின் லப்டொப் உதவியது.

பற்றரிக்கு வருகிறேன். சாதாரண ஏஏ போட்டால் கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு அடிக்கும் நடுவில் காத்துக்கொண்டு நிற்கவேண்டும், பிள்ளை சிரித்து முடித்துவிடும். எனலூப் போன்ற ரீசார்ஜ் ஏஏ நான்கு, மாற்றுக்கு நான்கு. குடையை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவாருங்கள். தூரத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் நான்கு மடங்கு, பிளாஷின் பவரைக் குறைக்கலாம், பற்றரியும் நின்று பிடிக்கும், நிழலும் மென்மையாகும்.

எங்கள் முன்னறைச் சுவர் இளம்பச்சை, மாமனார் ஆசையாக அடித்த பெயின்ற். ஷட்டர் 1/200, ஐஎஸ்ஓ 100, எஃப் 8 என்று வைத்தால் அறையின் டியூப் லைற் படத்தில் விழாது, ஆனால் பிளாஷ் வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பிக் கன்னத்தில் பச்சை பூசும். இருட்டுப் பக்கத்தில் வெள்ளை றெஜிபோம் தகடு ஒன்றை நிமிர்த்தி வைத்ததும் பச்சை போய் முகம் தெளிந்தது. நகைக்குக் குடைகூட வேண்டாம், வெள்ளை வேட்டியை இரட்டையாக மடித்துக் கதவு நிலையில் கட்டி அதற்குப் பின்னாலிருந்து பிளாஷை அடியுங்கள். கரை வேட்டி வேண்டாம், தங்கத்தில் கரை தெரியும்.

முற்றத்திலோ கசூரினா கடற்கரைப் பக்கமோ எடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று. சோளகக் காற்று வீசும் மாதங்களில் குடை மாட்டிய ஸ்ராண்ட் நிற்காது. ஐந்து லீற்றர் தண்ணீர்க் கலனை நடுத்தண்டில் கொழுவுங்கள், அதோடு பிள்ளையின் மாமா ஒருவரைப் பிடித்து ஸ்ராண்டுக்குக் காவல் வையுங்கள். அவரின் போனை முதலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.