கறுப்பு மை பூசிய ஷூ

எங்கள் பள்ளியின் நடத்தை விதிகளில் ஷூ பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. பையன்கள் என்றால் லேஸ் கட்டுகிற கறுப்புத் தோல் ஷூ, பெண்பிள்ளைகள் என்றால் பக்கிள் வைத்த கறுப்புத் தோல் ஷூ, இரண்டிலும் எந்த அலங்காரமும் கூடாது. அந்த ஒரு வரிக்காக நான் இரண்டு வருடம் தினமும் காலை ஏழேகால் மணிக்குப் பள்ளி வாசலில் நோட்டும் பேனாவுமாக நின்றேன்.

எனக்குத் திருநெல்வேலிப் பக்கம். கணக்கு வாத்தியாராக 2011 இல் தென்னாப்பிரிக்காவுக்கு வந்தேன், டர்பன் நகரத்துக்குத் தெற்கே சாட்ஸ்வொர்த்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் வேலை. வந்த இரண்டாவது வருடமே என்னிடம் கேட் டியூட்டியைக் கொடுத்துவிட்டார்கள். வேலை எளிதுதான், வருகிற பிள்ளைகளின் காலைப் பார்க்க வேண்டும். விதிக்கு ஒத்துவராத ஷூ என்றால் பெயர் நோட்டில் ஏறும், பெயர் ஏறினால் ஒரு டிமெரிட், அதாவது தவறுப் புள்ளி, மூன்று சேர்ந்தால் வெள்ளிக்கிழமை மதியம் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு ஒரு மணி நேரம் வகுப்பில் உட்கார வேண்டும்.

குனிந்த தலையோடு நின்று நின்று முகத்துக்கு முன்னால் காலைத்தான் எனக்குத் தெரியும் என்ற நிலை வந்துவிட்டது. வெளிப்பக்கமாகவே தேய்கிற குதிகால், பந்தை உதைத்து உதைத்து முன்னால் தோல் உரிந்து சாம்பல் நிறமாகிப்போன முனை, அறுந்த லேஸுக்குப் பதிலாகக் கட்டிய சணல், அடியில் சோல் பிரிந்து வாய் பிளந்து நடக்கும்போதெல்லாம் டப் டப் என்று அடிப்பது, இப்படி ஒவ்வொரு காலுக்கும் ஓர் அடையாளம். டக்கிஸ் போட்டு வந்தால் உடனே தெரியும். இங்கே ஸ்போர்ட்ஸ் ஷூவை டக்கிஸ் என்றுதான் சொல்வார்கள், முழுக் கறுப்பிலும் வரும், தூரத்திலிருந்து பார்த்தால் ஸ்கூல் ஷூ மாதிரியே இருக்கும், கிட்டே வந்தால் சோலின் கனம் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த விதியை நான் மனசார நம்பினேன், அதையும் சொல்லியாக வேண்டும். இப்போதும் பாதி நம்புகிறேன். ஷூவைப் பிள்ளைகள் இஷ்டத்துக்கு விட்டால் என்ன ஆகும் என்பது சீருடை இல்லாத நாட்களில் தெரியும். அன்றைக்குக் காசுள்ள வீட்டுப் பிள்ளைகளின் காலில் இருக்கிற டக்கிஸின் விலை எங்கள் அலுவலகப் பியூனின் பாதிச் சம்பளம் வரும். அப்படிப்பட்ட ஷூவோடு டாக்ஸி (இங்கே பலர் சேர்ந்து போகிற வேன்) நிறுத்தத்தில் நிற்கிற பிள்ளையிடம் அதைப் பிடுங்கிக்கொண்டு போவதும் நடக்கிற விஷயம்தான். எல்லோரும் சாதாரணக் கறுப்பு ஷூ என்றால் அந்தப் போட்டி இல்லை. நம் ஊரில் பாட்டாவின் நாட்டி பாய் எப்படியோ அப்படி இங்கே அதே பாட்டாவின் டஃபீஸ், பல வீடுகளில் அப்பா போட்டதும் அதுதான், பிள்ளை போடுவதும் அதுதான். நான் படித்த பள்ளியில் வாரத்தில் ஒரு நாள் வெள்ளை கேன்வாஸ் ஷூ போட வேண்டும், முந்தின ராத்திரி சாக்பீஸைத் தண்ணீரில் தொட்டுத் தேய்த்துக் காய வைப்போம், அதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு. அதனால் ஷூ விதியின் கண்டிப்பு எனக்கு அந்நியமாகவே படவில்லை.

ஒரு பிப்ரவரி. டர்பனில் அது மழைக்காலம், அன்று விடியற்காலையிலிருந்தே கொட்டிக்கொண்டிருந்தது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஓடி வந்தான், குடை இல்லை, புத்தகப் பையைத் தலைமேல் வைத்திருந்தான். ஷூ கறுப்பு, லேஸ் இருக்கிறது, சரி என்று விட்டுவிட்டேன். உள்ளே வராந்தாவில் அவன் நடந்துபோன வழியில் சிமெண்டுத் தரையில் ஊதா கலந்த கறுப்பில் கால் தடங்கள். கூப்பிட்டேன். கிட்டே பார்த்தால் அது நீலமும் வெள்ளையுமான பழைய டக்கிஸ். முழுவதும் கோக்கி பேனாவால், நம் ஊர் ஸ்கெட்ச் பேனா மாதிரி, கறுப்பு அடித்திருக்கிறான். மழையில் மை கரைந்து சாக்ஸ் எல்லாம் ஊறிப்போய், வெள்ளைக் கோடுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தன. தையல் ஓரங்களில் கூட விடாமல், லேஸ் போகிற ஓட்டைகளின் வளையங்களில் கூட, பொறுமையாக அடித்திருந்தான். எப்படியும் இரண்டு மணி நேர வேலை.

"சார், மழை வரும்னு தெரியாது சார்" என்றான்.

அவன் பெயரை எழுதினேன். விதி அப்படித்தான், நானும் அப்படித்தான் இருந்தேன். எழுதும்போது நோட்டின் ஓரம் நனைந்து என் எழுத்தும் கரைந்தது. அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது என் மனைவி என்ன ஆச்சு என்று இரண்டு தடவை கேட்டாள். அவனுடைய சாக்ஸைக் கழற்றினால் உள்ளே கால் என்ன நிறத்தில் இருக்கும் என்பதைத் தவிர வேறெதுவும் எனக்கு யோசிக்க வரவில்லை.

மறுநாள் எங்கள் பள்ளியின் மூத்த ஆசிரியை ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் இந்த மண்ணில் பிறந்த தமிழர். தமிழ் பேச வராது, தம்பி, ஆயா, தாத்தா மாதிரி உறவுச் சொற்களும் சில பாட்டுகளும் மட்டும் மிச்சம். பள்ளிக்கு வெளியே நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். விதியைத் தளர்த்தக் கூடாது என்பதில் எங்கள் பள்ளியிலேயே கண்டிப்பானவர் அவர்தான். அது ஏன் என்று அன்றுதான் விளங்கியது.

1860 இல் டர்பனில் கப்பலிலிருந்து இறங்கிய கரும்புத்தோட்டக் கூலிகளின் வம்சம் அவர்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டுமென்றால் சமூகமே காசு திரட்டிக் கட்டிடம் எழுப்ப வேண்டும், அரசு அதற்கு ஈடாக ஒரு பங்கு கொடுக்கும், அப்படி எழுந்த பள்ளிகள் டர்பன் இருக்கிற நட்டால் மாகாணத்தில் எத்தனையோ. எந்த இனம் எங்கே வசிக்கலாம் என்று பிரித்த 1950 இன் குழுப் பகுதிச் சட்டத்தால் கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து விரட்டப்பட்ட இந்தியர்களை 1960களில் கொண்டுவந்து குடியமர்த்திய இடம்தான் சாட்ஸ்வொர்த். அக்காவின் அப்பா வெறுங்காலோடு பள்ளிக்குப் போனவர். தன் மகளுக்கு முதல் ஷூ வாங்கியதும் தினமும் ராத்திரி அவரே உட்கார்ந்து பாலிஷ் போடுவாராம், வேறு யாரையும் தொட விட மாட்டாராம். "நம்மைக் கேவலமாகப் பார்க்கிறவன் முதலில் நம் காலைத்தான் பார்ப்பான் என்று அப்பா சொல்வார் தம்பி" என்றார் அக்கா. பளபளக்கிற அந்தக் கறுப்பு ஷூவில் அவருக்கு ஒரு வம்சத்தின் மானமே இருக்கிறது. வெளியூரிலிருந்து வந்த நான் அதை வெறும் கெடுபிடி என்று சொல்லிவிட்டுப் போக முடியாது.

ஆனால் அதே அக்காதான், அந்தப் பையன் கோக்கி பேனா வாங்கக்கூட யாரிடமாவது கேட்டிருப்பான் என்றார். அவன் வருவது உம்லாசியிலிருந்து. சாட்ஸ்வொர்த்துக்கு அடுத்த டவுன்ஷிப் அது, நிறவெறி ஆட்சி கறுப்பின மக்களுக்கென்று ஒதுக்கிய குடியிருப்பு. இங்கே அரசு பள்ளிகளை ஐந்து படிகளாகப் பிரிக்கிறது, பள்ளி இருக்கிற வட்டாரத்தின் வசதியை வைத்து. எங்கள் பள்ளி மேல் படியில் இருக்கிறது, அதனால் அரசுப் பணம் குறைவு, கட்டணம் வசூலிக்க வேண்டும். வட்டாரத்தைப் பார்த்துத்தான் கணக்கு, பிள்ளை எங்கிருந்து நடந்து வருகிறது என்பதை அந்தக் கணக்கு பார்ப்பதில்லை. அவனுடைய பாட்டி அரசிடம் வாங்கும் குழந்தைகள் மானியம்தான் அந்த வீட்டின் நிலையான வருமானம். 2024 ஏப்ரலில் அது ஒரு பிள்ளைக்கு மாதம் 530 ராண்ட். சாப்பாடு, டாக்ஸி, நோட்டு எல்லாம் அதற்குள். கடையில் பெயர்பெற்ற ஒரு ஜோடி ஸ்கூல் ஷூவின் விலையைப் பார்த்துவிட்டு இந்த எண்ணையும் பாருங்கள். போதாததற்கு வாட் வரி. 2018 இல் அதை 14 சதவீதத்திலிருந்து 15 ஆக ஏற்றியபோது, எந்தெந்தப் பொருளுக்கு விலக்குத் தரலாம் என்று பார்த்த நிபுணர் குழு பள்ளிச் சீருடையையும் பட்டியலில் சேர்த்தது. 2019 ஏப்ரலில் இரண்டு வகை கோதுமை மாவுக்கும் சானிட்டரி நாப்கினுக்கும் விலக்குக் கிடைத்தது, சீருடைக்குக் கிடைக்கவில்லை.

ஆசிரியர் கூட்டத்தில் இதை எழுப்பினேன். விதியை ஒருவருக்கு வளைத்தால் நாளைக்கு எல்லோரும் வருவார்கள் என்றார்கள். அக்காதான் 'பிள்ளை' என்ற குடும்பப் பெயரால் அறியப்படும் வழக்கை எடுத்தார். டர்பனிலேயே நடந்தது. பள்ளியில் மூக்குத்தி போடக் கூடாது என்றதால் 2007 இல் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போன விஷயம். தென்னிந்தியக் குடும்பத்துப் பெண்பிள்ளை, வீட்டு வழக்கப்படி மூக்குத்தி போட்டு வந்தாள். அவளுக்கு விலக்குத் தந்திருக்க வேண்டும், அதனால் பள்ளி ஒழுங்கு குலைந்துவிடாது என்றுதான் தீர்ப்பு வந்தது. அந்த வழக்கு மதமும் பண்பாடும் பற்றியது, வறுமை பற்றியது இல்லை என்று ஒருவர் மறுத்தார், அது சரியான மறுப்புதான். அதற்குப் பதில் 2006 இல் கல்வித் துறை வெளியிட்ட சீருடை வழிகாட்டுதல்களில் இருந்தது. சீருடை வாங்க முடியாததற்காக ஒரு பிள்ளையைச் சேர்க்காமல் விடுவதோ துன்புறுத்துவதோ கூடாது என்று அதில் இருக்கிறது. எங்கள் அலுவலக அலமாரியிலேயே அது கிடந்தது, நான் உள்பட அங்கிருந்த பலர் அதைப் படித்ததே இல்லை.

அப்போதும் விதி மாறவில்லை. மாறியது வாசல்தான். பெயர் எழுதும் நோட்டை நிறுத்தினோம். ஷூ சரியில்லை என்றால் அன்று மதியத்துக்குள் வகுப்பாசிரியர் தனியாகக் கூப்பிட்டு என்ன விஷயம் என்று கேட்க வேண்டும். கேட்டபோது வந்த பதில்கள் எனக்குப் பாடம். தம்பிக்கும் தனக்கும் ஒரே ஜோடி, இன்று அவனுக்குப் பரீட்சை. ஜனவரியில் வாங்கியது, ஜூனில் கால் வளர்ந்துவிட்டது. காவடிக்குப் பத்து நாள் விரதம் இருந்து ஆணிச் செருப்பில் நடந்த மாமாவோடு வெறுங்காலில் ரதம் இழுத்தேன், பாதம் கொப்பளித்திருக்கிறது, இரண்டு நாள் மட்டும் செருப்பு. ஒரே ஒரு பையன்தான் புது டக்கிஸைக் காட்டத்தான் போட்டு வந்தேன் என்று ஒத்துக்கொண்டான், அவனுக்கு டிமெரிட் போட்டோம், அவனும் அதை நியாயம் என்றுதான் எடுத்துக்கொண்டான்.

அப்புறம் 2022 ஏப்ரல் வெள்ளம். எங்கள் மாகாணமான குவாசூலு-நட்டாலில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். மலைச்சரிவில் இருந்த தகர வீடுகள் சேற்றோடு போய்விட்டன. பள்ளி திரும்பத் திறந்தபோது பிள்ளைகள் கிடைத்ததைப் போட்டு வந்தார்கள், அப்பா ஷூ, ரப்பர் பூட்ஸ், இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு. யாரும் யார் காலையும் பார்க்கவில்லை. மூன்று வாரம் அப்படியே ஓடியது. பாடம் நடந்தது, அசெம்பிளி நடந்தது, வரிசை நேராகத்தான் இருந்தது. ஒழுங்கு எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

அந்த மே மாதம்தான் ஷூ அலமாரியைத் தொடங்கினோம். பள்ளி முடித்துப் போகிறவர்கள், கால் வளர்ந்துவிட்டவர்கள் விட்டுப்போகிற ஷூக்கள். சொல்ல எளிது, செய்தால்தான் தெரியும். இன்னொருவர் போட்ட ஷூவுக்குள் அவருடைய விரல்களின் பள்ளம் இருக்கும், புதுக் கால் அதில் சரியாக உட்காராது. அதனால் உள்ளே புதுத் தாள் அட்டை வெட்டி ஒட்ட வேண்டும், லேஸ் கட்டாயம் புதிது. சனிக்கிழமை காலையில் நானும் அக்காவும் இரண்டு பிரிஃபெக்டுகளும் (மாணவர் தலைவர்கள்) உட்கார்ந்து நக்கெட் ஷூ பாலிஷ் போடுவோம். அக்கா பாலிஷ் போடுகிற விதம் வேறு. துணியை இரண்டு விரலில் இறுக்கிச் சுற்றி, ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டு, முனையில் மட்டும் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருப்பார், ஐந்து நிமிடத்தில் ஜன்னல் அதில் தெரியும். அப்பா செய்ததைப் பார்த்துக் கற்றது என்றார். கொடுப்பதும் பாதிப் பிள்ளைகள் வீட்டுக்குப் போன நேரத்தில், பின்வாசல் வழியாக, பையில் போட்டுத்தான்.

இந்த நாட்டில் சீருடை விதியை முடிவு செய்வது 1996 சட்டப்படி பள்ளி ஆட்சிக் குழு, அதில் பெற்றோர், ஆசிரியரோடு மாணவர் பிரதிநிதிகளும் உண்டு. போன வருடக் கூட்டத்தில் 'தோல்' என்ற சொல்லை எடுத்துவிடலாம் என்று கேட்டோம், இப்போது வருகிற ஷூவில் எது தோல் எது ரெக்சின் என்று வாசலில் நிற்கிறவருக்குத் தெரியாது, மலிவு விலைக் கடையில் வாங்குகிற வீடுகளுக்கு அந்த ஒரு சொல்தான் பாரம். எடுத்துவிட்டார்கள். பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, எங்களுக்கு ஏன் லேஸ் ஷூ கூடாது, பக்கிள் ஷூ பெரிய காலுக்குக் கிடைப்பதே இல்லை, அண்ணன் ஷூ வீட்டில் சும்மா கிடக்கிறது என்றாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அதுவும் நிறைவேறியது. பையன்களுக்கு லேஸ் இல்லாத ஷூ மட்டும் இன்னும் இல்லை, அக்டோபர் கூட்டத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள், அக்காவே அதற்கு எதிர்ப்பு.

இப்போதும் செவ்வாய்க்கிழமைகளில் வாசலில் நிற்கிறேன். அலமாரியில் எல்லா சைஸும் ஓரளவு இருக்கிறது, ஒன்பதாம் சைஸ் மட்டும் வந்த வாரமே போய்விடுகிறது. இந்த வருடம் பள்ளி முடிக்கிற பையன்களில் ஒன்பதாம் சைஸ்காரர்கள் ஐந்து பேர், கடைசிப் பரீட்சை முடிந்ததும் ஷூவைத் தூக்கிப் போடாமல் என்னிடம் கொண்டுவந்து தாருங்கள் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.