1930களின் வளைவு ஜன்னல்: துருவைச் சுரண்டியபின் மிஞ்சிய இரும்பு

வீடு இங்கிலாந்துப் புறநகரின் வழக்கமான இரட்டை வீடு, நடுச்சுவர் பொது. முன்னறையில் இருபுறமும் வளைந்த கண்ணாடியோடு இரும்பு ஜன்னல். அந்த ஊர்க்காரர்கள் இதை ‘சன்ட்ராப்’ என்பார்கள். குறுக்குக் கம்பிகளை அகலவாக்கில் மட்டும் ஓடவிட்டது 1930களின் ரசனை. கம்பியின் தடிமன் விரலளவுகூட இல்லை. இதைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் சட்டம் வைத்த வீடுகள் முழியை இழந்த முகம்போல நிற்கின்றன. சட்டம் தடித்து, வளைவும் மூன்று நேர்த் துண்டாகிவிடுகிறது.

அடிசன் சட்டம் என்று பெயர் பெற்ற 1919ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்துக்குப் பின் வீடுகள் மளமளவென்று எழுந்தன. அந்த வேகத்துக்கு ஆலையில் ஒரே அளவில் செய்தெடுத்த இரும்பு ஜன்னல் கைகொடுத்தது. எசெக்ஸ் பகுதி பிரெயின்ட்ரீ ஊரின் கிரிட்டால் நிறுவனம் இதில் முன்னோடி. தன் தொழிலாளர்களுக்காக 1926 முதல் சில்வர் எண்ட் என்ற கிராமத்தையே கட்டியது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஜன்னல்களில் பெரும்பாலானவற்றுக்குத் துத்தநாக முலாம் கிடையாது. பெயின்ட்தான் ஒரே கவசம்.

இந்த ஜன்னலை மாற்றாமல் பழுதுபார்த்தோம். முதல் வாரம்: ஆய்வு. கீழ்ச்சட்டம் வீங்கி, இரண்டு கண்ணாடி மூலையில் விரிசல். பார்த்த மாத்திரத்தில் ‘இரும்பு போச்சு’ என்று தோன்றும், நம்பக்கூடாது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். 5 மி.மீ. அடுக்கு உதிர்ந்தபின் அடியில் பெரும்பாலும் ஒரு மி.மீ.கூடக் குறைந்திராது. கண்ணாடியை உடைப்பதும் அந்த வீக்கம்தான்.

சுரண்டும் முன் ஈயப் பரிசோதனை. அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போடவே கூடாது. ஈரமாகத் தேய்த்து, நுண்தூசியைத் தடுக்கும் எஃப்எஃப்பி3 முகமூடி கட்டி, தரையில் தடித்த பிளாஸ்டிக் விரித்துத்தான் வேலை.

இரண்டாம் வாரம்: கண்ணாடியைப் பிடித்திருக்கும் பழைய புட்டியை எடுப்பது. நேர்க் கண்ணாடி உள்ள இடங்களில் ஹாட் ஏர் கன், கண்ணாடிப் பக்கம் தகட்டுத் தடுப்போடு. வளைவுக் கண்ணாடியில் சூடு கூடவே கூடாது. அது கடையில் கிடைக்காது, தனியாக வளைக்கக் கொடுக்கவேண்டும். அங்கே பெயின்ட் ரிமூவர் பசையைப் புட்டிமேல் தடவி, மெல்லிய பிளாஸ்டிக்கால் மூடி இரவு முழுக்க விட்டோம். காலையில் பாதி ஆழம் பாலாடைக்கட்டி மாதிரி இளகியது. மீதிக்கு இன்னொரு இரவு. அவசரப்பட்டு உளியை நெம்பினால் விரிசல் விழும். வளைவில் இறுக்கம் முழுவதும் ஓரத்தில் தேங்கியிருக்கும்.

மூன்றாம் வாரம்: கம்பி பிரஷ், பிறகு எமரித் தாள், வெளுத்த இரும்பு தெரியும்வரை. பள்ளங்களுக்கு இரும்புத்தூள் கலந்த இபாக்ஸி பசை. ஒரேயிடத்தில் கீழ்ச்சட்டம் ஓட்டையாகியிருந்தது, அந்தத் துண்டை வெட்டி வெல்டிங். (பக்கத்துக் கண்ணாடியைக் கழற்றாமல் வெல்டிங் செய்யாதீர்கள்.) சுத்தமான இரும்பில் சில மணி நேரத்திலேயே துரு பூக்கும், அன்றைக்கே துரு தடுக்கும் ஜிங்க் பாஸ்பேட் பிரைமர், இரண்டு கோட்.

நான்காம் வாரம்: கண்ணாடி. லின்சீட் (ஆளிவிதை எண்ணெய்) புட்டி மரத்துக்கானது. எண்ணெயை மரம் உறிஞ்சுவதால் அது சீக்கிரம் இறுகும், இரும்பில் மாதக்கணக்கில் கொழகொழவென்றே கிடக்கும். ‘மெட்டல் கேஸ்மென்ட்’ (உலோக ஜன்னல்) என்று போட்ட புட்டிதான் வேண்டும். கண்ணாடியைச் சுற்றி 3 மி.மீ. இடைவெளி, அடியில் 2 மி.மீ. புட்டிப் படுக்கை, ஸ்பிரிங் கிளிப், பிறகு வெளிப்பக்கம் புட்டிச் சரிவு. 10 மி.மீ. சரிவுக்கு ஒரு மீட்டருக்குச் சுமார் 140 கிராம் பிடிக்கிறது. இரண்டு வாரம் தோல் கட்டவிட்டு எனாமல் அடித்தோம். பெயின்ட் கண்ணாடிமேல் 2 மி.மீ. ஏறவேண்டும், இல்லாவிட்டால் மழைநீர் அந்த விளிம்பு வழியே இறங்கும்.

இப்போது ஜன்னல் கதவு மூடும்போது ஒரு தாள் துண்டை நுழைத்து இழுத்துப் பார்க்கிறோம். கீல் பக்கம் இறுக்கம், கைப்பிடிப் பக்கம் மேல்மூலையில் தாள் வழுக்கி வந்துவிடுகிறது. காரணம் வளைந்த இரும்பல்ல. கீல் பக்க மடிப்பில் பல பத்தாண்டுப் பெயின்ட் தடித்துக் கிடக்கிறது, அதை அழுத்தி மூடி மூடியே இந்த மூலை விலகியிருக்கிறது. அங்கே பெயின்டை இரும்புவரை எடுத்தபின் மிச்ச இடைவெளிக்கு சட்டத்தில் சிலிக்கோன் வரி போட்டு, கதவு விளிம்பில் சோப்புநீர் தடவி மூடிவைக்கலாம். கதவின் வடிவிலேயே வரி இறுகும். வெண்கலக் கைப்பிடியின் பெயின்டைச் சுரண்டியாகிவிட்டது, அதற்கு இனிப் பெயின்ட் கிடையாது. திறந்து நிறுத்தும் கம்பியின் மூன்று துளைகளில் நடுத்துளை தேய்ந்து நீண்டுவிட்டது. அடுத்த சனிக்கிழமை அதற்கு.